நடந்து பார்க்கிற ஊர்

ஜூன் 3, திங்கள்

புத்தாண்டுக்கு ஒரு டீலர் கொடுத்த டைரி இத்தனை நாளாக மேஜை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று எடுத்தேன். முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, வண்டி எண், டிரைவிங் லைசென்ஸ் எண் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். சந்திரகாசன், ஐம்பத்து நான்கு, பி பாசிட்டிவ். லைசென்ஸ் எண்ணை மட்டும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

காலையில் கண் ஆஸ்பத்திரி. கண்ணாடிக்குப் பவர் மாறியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஒரு இருட்டுப் பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அந்த மெஷினில் ஏதோ கோளாறு. வெகுநேரம் புள்ளியே வரவில்லை. டாக்டர் பூங்கோதை காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல இருந்து யாராச்சும் கூட வந்திருக்காங்களா சார்?" என்றார்.

"இல்லீங்க. நானே கார் ஓட்டிட்டு வந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

கண்ணுக்குள் அழுத்தமாம். கிளாக்கோமா. இரண்டு கண்ணிலும் இருக்கிறது, இடது பக்கமும் கீழ்ப்பக்கமும் அதிகம். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு மருந்து. அப்புறம் கார் ஓட்டுவதைப் பற்றியும் ஏதோ சொன்னார். டாக்டர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

சொட்டு மருந்தை ஆபீஸ் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் வசுமதி கேட்டதற்கு, "பவர் கொஞ்சம் மாறியிருக்குதாம்" என்றேன்.

ஜூன் 7, வெள்ளி

நித்திலா சென்னையிலிருந்து லீவுக்கு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து நானே காரில் கூட்டி வந்தேன். "ஏம்ப்பா இவ்வளவு மெதுவா ஓட்டறீங்க?" என்று கேட்டாள். இருட்டில் மெதுவாக ஓட்டுவதுதான் நல்லது.

ஜூன் 9, ஞாயிறு

காரின் இடது பக்கக் கண்ணாடி கேட் தூணில் பட்டு உடைந்துவிட்டது. வீடு கட்டிய நாள் முதல் அதே தூண், அதே கேட். நிலம் இறங்கினால் தூண் சாயும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

வசுமதி வெளியே வந்து, உடைந்த கண்ணாடிச் சில்லைக் கூட்டி அள்ளினாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, வர்ற மாசம் பதிமூணு சனிக்கெழம. நம்ம கல்யாண நாளு. ரெண்டு நாள் எங்கயாச்சும் போயிட்டு வரலாமா?"

"போலாமே. வால்பாறை போலாம். இல்ல, ஏற்காடு?"

"கார் வேண்டாங்க."

"கார் இல்லாம எப்படிப் போறது?"

"ரயில்ல போயி எறங்கோணும். எறங்குன எடத்துல இருந்து நடந்தே எல்லாத்தையும் பாக்கோணும். காரு, வேனு, டாக்சி ஒண்ணும் கூடாது. அப்பிடி ஒரு ஊரு பாருங்க."

முப்பது வருடம் பம்ப்செட் விற்றுக் கொங்கு நாட்டின் எல்லாச் சாலையிலும் கார் ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? கண்ணாடி உடைந்த அன்றே கார் வேண்டாம் என்கிறாள் என்றால், ஆஸ்பத்திரிச் சீட்டு எதையோ பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, என் மனம் நோகக் கூடாதென்று சுற்றி வளைக்கிறாள். எனக்கு யாருடைய இரக்கமும் தேவையில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து வசுமதி என் காரில் ஏறினால் ஊருக்குள்ளேயே, உக்கடம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். அவ்வளவு பதமான ஓட்டம் என்னுடையது. தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி தூங்குவாள். அவள் தூக்கம் கலையக் கூடாதென்று பாட்டுக்கூடப் போடாமல் ஓட்டியிருக்கிறேன். கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள். அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு இப்போது கார் வேண்டாமாம்.

ஜூன் 15, சனி

இடையர்பாளையம் பிரிவில் பூக்காரம்மா ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடது பக்கத்திலிருந்து வந்துவிட்டாள். பிரேக் போட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடை மட்டும் சாய்ந்தது. அந்த அம்மா பானெட்டில் கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "ஏய்யா, கண்ணு தெரீலயா?" என்றாள்.

எல்லாரும் எல்லாரையும் சொல்கிற வார்த்தைதான்.

சாய்ந்த பூவுக்குப் பதிலாக மீதி இருந்த மல்லிகையை எல்லாம் வாங்கிக்கொண்டேன். வீட்டில் வசுமதி, "இத்தன பூவு எதுக்குங்க?" என்று கேட்டாள். மலிவாகக் கிடைத்தது என்றேன்.

ஜூன் 17, திங்கள்

காருக்குப் பாட்டரி இறங்கிவிட்டது. ஆபீசுக்குப் பஸ்ஸில் போனேன்.

ஜூன் 20, வியாழன்

பாட்டரி.

ஜூன் 23, ஞாயிறு

மேனேஜர் ரகுநந்தன் போனில் கூப்பிட்டு, "கார் இன்னும் ஒர்க்‌ஷாப்லயாங்ணா? பெருந்துறை டீலர் ரெண்டு தடவ கேட்டுட்டாரு" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஆனால் மரியாதையான பையன். ஸ்பேர் வரவில்லை என்று சொன்னேன்.

மாலையில் ஊர் தேர்வு. நித்திலா சென்னைக்குத் திரும்பிவிட்டதால் போனை ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் பேசினோம்.

"பாண்டிச்சேரி போங்க. தெரு எல்லாம் நேர்கோடு போட்ட மாதிரி இருக்கும். பீச் ரோட்டுல சாயங்காலம் வண்டியே விடமாட்டாங்க" என்றாள் நித்திலா. எனக்கே அது சரியாகப் பட்டது. ஆனால் நம் வசதிக்கு நேர் ரயில் இல்லை, பாதி வழியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும் என்றதும் வசுமதி, "பஸ் வேண்டாங்க" என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப கொச்சி? எர்ணாகுளத்துல எறங்கி போட்ல போயிடலாம். கோட்டைப் பக்கம் முழுக்க நடந்தே பாக்கலாம்."

"தண்ணி மேல ஆடிக்கிட்டா? ஐயோ, வேண்டாம்."

"ஊட்டிக்கு மலை ரயில்ல?"

"வளைஞ்சு வளைஞ்சு ஏறுமே, கண்ணு."

"மைசூர்?"

மைசூரைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தாள். அரண்மனை, மார்க்கெட், அகலமான நடைபாதை, எல்லாம் கிட்டக் கிட்ட. எனக்கு அங்கே ஐந்து இடத்தில் கார் நிறுத்தத் தெரியும். அப்போதுதான் ஒன்று புரிந்தது. எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எனக்கு நினைவுக்கு வருவது கார் நிறுத்துகிற இடம்தான். திருச்சி என்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். மதுரை என்றால் மேல மாசி வீதியில் ஒரு லாட்ஜின் அடித்தளம். இடையில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"கும்பகோணம்" என்றாள் வசுமதி திடீரென்று.

"அங்கதான் போயிட்டு வந்தாச்சே! நவக்கிரகக் கோயில் ஒன்பதும் ரெண்டே நாள்ல பாத்தமே. ரெக்கார்டு அது."

"நீங்க பாத்தீங்க. நான் அந்த ஊரப் பாக்கவே இல்லீங்க."

"நீ கூடத்தானே இருந்த?"

"இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "காலைல கோயமுத்தூர்ல ஏறுனா மதியம் அங்கயே எறக்கி விடற ரயில் ஒண்ணு இருக்குதாமா. ஸ்டேஷன்ல இருந்து மகாமகக் குளம் நடக்கற தூரந்தான். ஒம்பது கோயில்ல ஒண்ணுக்குக்கூட போக வேண்டாம். ஊருக்குள்ளயே சுத்தலாம்" என்றாள். எல்லாம் முன்பே விசாரித்து வைத்திருந்தாள்.

நித்திலா அந்தப் பக்கம் கை தட்டினாள். நான் சரி என்றேன். எனக்காகத்தான் இவ்வளவு திட்டம் போடுகிறாள் என்று நினைக்கும்போது சந்தோஷமாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

ஒத்திகை. "அங்க போயி கால் வலிக்குதுன்னு ஒக்காந்துக்கக் கூடாது. மொதல்ல இங்க நடந்து பாக்கலாம்" என்று வீட்டிலிருந்து சாய்பாபா காலனி மார்க்கெட் வரை என்னை நடத்திக் கூட்டிப் போனாள். பதினாறு வருடமாகக் குடியிருக்கிற இடம். நடைபாதை என்று ஒன்று இருப்பதையே இன்றுதான் கவனித்தேன். அதில் பாதி டிரான்ஸ்ஃபார்மர், மீதி டீக்கடை பெஞ்சு.

ஒரு பெஞ்சில் முழங்கால் இடித்துக்கொண்டேன். வழியை மறித்துப் பெஞ்சு போட்டால் யாருக்கும்தான் இடிக்கும். வசுமதி திரும்பிப் பார்த்து, "பாத்து வாங்க" என்றாள். அவ்வளவுதான். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவே இல்லை. நல்ல நடிகை.

ஜூலை 4, வியாழன்

டிக்கெட் எடுத்தாயிற்று. வெள்ளி போய் ஞாயிறு திரும்புகிறோம். மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம். "கார் பார்க்கிங் வேணுங்களா சார்?" என்று போனில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆயிற்று.

ஜூலை 12, வெள்ளி. கும்பகோணம்

ரயிலில் வசுமதி தூங்கவில்லை.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் திருப்பூர் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அதன்பிறகு நிறுத்தவே இல்லை. ஈரோடு தாண்டியதும், "அதா பாருங்க காவேரி" என்றாள். கரூர் பக்கம், மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வைகளைக் காட்டி, "இத்தன பேரு ஒரே வீட்லயா?" என்றாள். ஸ்கூல் ஆபீசில் அவளோடு வேலை பார்க்கிற கிளார்க் பெண்ணின் காதல் கதையைத் திருச்சி வரைக்கும் சொன்னாள். அவள் சின்ன வயதில் டிராயிங் போட்டியில் பரிசு வாங்கியவள் என்று எனக்கு இன்றுதான் தெரியும். கல்யாணமாகி இருபத்தேழு வருடமாகிறது.

"உனக்குத் தூக்கம் வரலியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரயில்ல ஏனுங்க தூங்கறேன்?" என்றாள்.

மதியம் இறங்கினோம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். ஆட்டோக்காரர்கள் நான்கு பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒருவர், "நவக்கிரகம் ஒன்பதும் ஒரே நாளில காட்டிடறேன் ஸார்" என்றார். வசுமதி வாய்விட்டுச் சிரித்தாள்.

மாலையில் பெரிய தெரு வழியாக நடந்தோம். நெருக்கடியான தெரு. பைக்குகள், வெங்காய மூட்டை, ஒரு மாடு. நடந்து பார்க்கிற ஊர் என்றால் நடப்பதற்கு இடமிருக்க வேண்டாமா? ஆனால் யாரும் யாரையும் இடிக்காமல் அந்தத் தெரு எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் கடைகளின் ஓரமாக, மெதுவாகத்தான் நடந்தேன். பாத்திரக் கடைகளைப் பார்க்க அவள் நின்றுகொண்டே இருந்ததால் என் மெதுநடை யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

ராத்திரி இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்த ஒன்று. இரண்டு முறை கேட்டு வாங்கினேன். போன தடவை வந்தபோது காரிலேயே பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டோம்.

ஜூலை 13, சனி. கும்பகோணம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பொற்றாமரைக் குளம் பக்கம் நடந்துவிட்டு ஒரு சின்ன ஓட்டலில் காபி குடித்தோம். வசுமதி, நான் கல்யாண நாளுக்கு எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையில் இருந்தாள். மதியம் தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்ததும் மகாமகக் குளத்துக்குப் போனோம். சுற்றிலும் சின்னச் சின்ன மண்டபங்கள். மக்கள் குளத்தைச் சுற்றி நடைபயிற்சி போய்க்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒரு சுற்று நடந்துவிட்டுப் படியில் இறங்கினோம்.

ஒரு படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கால் காற்றில் இறங்கிற்று. அடுத்த படியில் விழாமல் வசுமதி என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். பொத்தான் ஒன்று தெறித்துத் தண்ணீருக்குள் போயிற்று. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்தோம்.

"போதும் வசு" என்றேன். "எல்லாந் தெரிஞ்சுதானே இந்த ஏற்பாடு பண்ணின? கார் வேண்டாம், நடந்து போலாம்னு. நேரா கேட்டிருக்கலாமில்ல?"

"எதுங்க தெரிஞ்சு?"

"என் கண்ணப் பத்தி."

"கண்ணுக்கு என்ன?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மாதமாக நான் கோபித்துக்கொண்டிருந்த இரக்கம், இல்லாத இரக்கம்.

சொன்னேன். ஆஸ்பத்திரி, இருட்டுப் பெட்டி, சொட்டு மருந்து, தூண், பூக்காரம்மா. சொல்லச் சொல்ல அவள் என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்னைக்குச் சொன்னாங்க?"

"மூணாந் தேதி. ஜூன்."

"நித்திலாவ ஸ்டேஷன்ல இருந்து கூட்டியாந்தது அதுக்கு அப்பறந்தானுங்களே? ராத்திரி?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"எம் புள்ளைய வெச்சு ஓட்டுனீங்க. ஓரஞ்சாரமாத் தெரியாத கண்ண வெச்சுக்கிட்டு."

குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் நடந்தவர்களுக்கு நாங்கள் ஏதோ வீட்டுச் சாமான் பற்றிப் பேசுவதாகத்தான் தோன்றியிருக்கும்.

"அப்ப நீ எதுக்குக் கார் வேண்டாம்னு சொன்ன?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்டிருக்கக் கூடாதுதான்.

"எனக்குக் கார்ல ஏறுனாலே கொமட்டுமுங்க" என்றாள். "கல்யாணமான புதுசுல இருந்தே. பஸ்ஸும் ஆகாது. ஒவ்வொரு தடவையும் கெளம்பறதுக்கு முன்னால மாத்திரை போட்டுக்குவேன். அந்த மாத்திரைக்குத் தூக்கம் வரும். எலுமிச்சம்பழம் எதுக்குன்னு நெனச்சீங்க? அந்த ஒம்பது கோயிலு சுத்துனப்ப ஒண்ணுலயாச்சும் நான் பிரகாரம் சுத்தி வந்தனா? வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுத் திரும்ப வந்து கண்ண மூடிக்குவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மொதத் தடவையே சொன்னேனுங்க. 'என் வண்டில யாருக்கும் கொமட்டாது'ன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். எனக்கு நினைவில்லை, ஆனால் அது என் வாக்கியம்தான்.

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நான் ரூமுக்குப் போறேன். நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் ஏறினேன். ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி. மேலே வந்தால் எதிர்ப்பக்கம் லாட்ஜ் போர்டு தெரிகிறது, நடுவில் ரோடு. பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ என்னவோ, வேன்களும் பைக்குகளும் விடாமல் வந்துகொண்டிருந்தன. வலது பக்கம் பார்த்து இறங்குவேன், இடது பக்கம் ஹாரன் அலறும், பின்னால் வருவேன். கார் ஓட்டும்போது ரோட்டைக் கடக்கிறவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். வேறு வழியில்லை.

"ஐயா, எனக்கு இடது பக்கம் கண்ணு சரியாத் தெரியாதுங்க. கொஞ்சம் கூட வர்றீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தார். "வாங்க. வெளியூரா? கடப்பா சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். எந்த ஓட்டலில் நன்றாக இருக்கும், எந்த ஓட்டலில் தண்ணியாக இருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபக்கம் வந்துவிட்டோம். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்தப் பக்கம் வசுமதி நின்றிருந்தாள். ரூமுக்குப் போகவே இல்லை.

"யாரு அவரு?"

"தெரியல."

"அவருகிட்ட கண்ணப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நல்லாருக்குது. பேரு தெரியாத ஆளுகிட்ட ஒரே நிமிஷத்துல சொல்லிட்டீங்க."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. தெருவிலேயே, பச்சைப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கடையில் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

விடிந்ததும் வசுமதி கையை நீட்டினாள். "காரு சாவி." ஊரில் விட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னால் நம்பவில்லை. பையைத் திறந்து எடுத்துக்கொடுத்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் அதைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அப்புறம் சொட்டு மருந்து எங்கே என்று கேட்டாள். அதை எப்படி ஊற்றுவது என்று என்னை ஊற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். பாதி மருந்து கன்னத்தில்தான் வழிந்தது. "இப்பிடித்தான் ஒண்ணரை மாசமா ஊத்தறீங்களா?" என்று அவளே என் தலையைச் சாய்த்து ஊற்றினாள். கோபம் போகவில்லை. ஆனால் கை மெதுவாகத்தான் இருந்தது.

ரயிலுக்கு மதியம் வரை நேரம் இருந்தது. கால் போன போக்கில் நடந்தோம். அவள் என் இடது பக்கம் வந்துகொண்டாள். வண்டி வந்தால் சொல்லவில்லை, முழங்கையால் லேசாக இடித்தாள். கொஞ்ச தூரத்தில் அது பழகிவிட்டது. ஒரு பாத்திரக் கடையில் பித்தளைக் கரண்டி பேரம் பேசினாள். நான் அடுத்த சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு பம்ப்செட் கடை. கார் நுழையாத சந்து. எங்கள் கம்பெனி மோட்டார் ஒன்று துருப்பிடித்த மேஜையில் கிடந்தது. கடைக்காரர் செப்புக் கம்பி சுற்றி ரீவைண்டிங் செய்துகொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "ஒங்க கம்பெனி ஆளுங்க மெயின் ரோட்டுக் கடையோட திரும்பிப் போயிடறாங்க ஸார். இந்தப் பக்கம் யாரும் வந்ததே கெடையாது" என்றார். அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். கரண்டியோடு வந்த வசுமதி, "லீவுலயுமா?" என்றாள். ஆனால் சிரித்தாள், நேற்றைக்குப் பிறகு முதல் முறையாக.

அந்தச் சந்திலிருந்தே ரகுநந்தனுக்குப் போன் செய்தேன். யோசித்தால் பயம் வந்துவிடும்.

"ரகு, நான் இனிமே கார் ஓட்ட முடியாதுப்பா. கண்ணுல பிரச்சினை. பாட்டரியும் இல்ல, ஸ்பேரும் இல்ல. பொய் சொல்லிட்டேன்."

"ஊருக்கு வாங்ணா. பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

ரயிலில் வசுமதி தஞ்சாவூர் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். திருச்சியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இது மாத்திரைத் தூக்கம் இல்லை. பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 17, புதன்

நித்திலாவுக்குச் சொன்னோம். அழுதாள், திட்டினாள், அப்புறம் அம்மாவிடம், "ஒனக்குக் கொமட்டும்னு எனக்கு எட்டாங்கிளாஸ்லயே தெரியும்மா" என்றாள். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஆபீசில் ரகுநந்தன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். உள்கிராமங்களை ஒரு புதுப் பையனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரயில் நிற்கிற ஊர்கள் மட்டும் எனக்கு. டார்கெட் குறையும், இன்சென்டிவும் குறையும். "வேலை இருக்குதுங்ணா. பயப்படாதீங்க" என்றார். முப்பது வருடம் நானே வளர்த்த கிராமத்து டீலர்கள். வலித்தது. ஆனால் சரி என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

கார் போயிற்று. வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்கும்போது நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். முதல் திருப்பத்தில் அவர் சடாரென்று வளைத்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டிற்று. வீட்டுக்கு வந்து வசுமதியிடம் சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய் எலுமிச்சை ஜூஸ் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மறுபடியும் கண் ஆஸ்பத்திரி. இந்த முறை வசுமதியும் வந்தாள். இருட்டுப் பெட்டி. புள்ளி வந்தபோது அழுத்தினேன், வராதபோது சும்மா இருந்தேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

டாக்டர் பூங்கோதை இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அழுத்தம் நல்லாக் கொறைஞ்சிருக்கு. பார்வை மேற்கொண்டு போகல, அப்படியே நிக்குது சார். இப்போதைக்கு இதுதான் நமக்கு வேணும். யாரு மருந்து ஊத்தறாங்க?" என்றார். "நான்தானுங்க" என்றாள் வசுமதி. "கார்?" என்று கேட்டார். "வித்துட்டேனுங்க" என்றேன் நான்.

வெளியே வந்தோம். வானம் மூடியிருந்தது, பாலக்காட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. எனக்கு என்னமோ பெரிதாக எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் தோன்றியது, இருபத்தேழு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

"உனக்கு எங்க போகணும், வசு? சொல்லு. எந்த ஊரா இருந்தாலும் சரி."

அவள் யோசித்தாள். மைசூர் என்பாள் என்று நினைத்தேன்.

"வீட்டுக்குத்தானுங்க" என்றாள். "நடந்தே போலாமா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நல்ல தூரம். நடந்தோம். அவிநாசி ரோட்டின் சத்தத்திலிருந்து விலகி, பெயர் தெரியாத தெருக்கள் வழியாக. ஒரு வீட்டு மாடியில் யாரோ வயலின் பழகிக்கொண்டிருந்தார்கள், அபசுரமாக. வசுமதி ஸ்கூல் ஆபீஸ் கிளார்க் பெண்ணின் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரிடமும் குடை இல்லை. நன்றாக நனைந்துவிட்டோம். ஒரு ஆட்டோ எங்கள் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏறுங்க, எங்க போகோணும்?" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வேண்டாங்க" என்றோம்.